அண்ணனுக்குப் போட்ட பதினைந்து நாள் ரிமாண்ட்

1. ஒரு நிமிஷ வேலை

அண்ணனை நீதிபதி முன்னால் நிறுத்தியபோது அவனுக்கு இரண்டு கையிலும் கட்டு. கைகளை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றான். சிவகாசி கோர்ட் வராண்டாவில் நான் செருப்பில்லாமல் நின்றேன். எங்கள் பட்டாசு வேலையில் செருப்பு, செல்போன், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கேட்டில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முந்தின நாள் காலையில் வெடித்தவுடன் ஆம்புலன்சில் ஏறியவள் நான். செருப்பு கேட்டிலேயே கிடந்தது. என் ஞாபகத்துக்கு வரவும் இல்லை.

அந்த வெடியில் போனது எங்கள் அம்மா. அந்தக் கம்பெனியின் போர்மேன் என் அண்ணன் முருகேசன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் உள்ள சின்னக் கம்பெனி அது. அம்மாவும் நானும் ஒரே ரூமில் வேலை. அன்றைக்கு அம்மா முதல் ஆளாக ரூமுக்குள் போயிருந்தாள், நாங்கள் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். அண்ணன் எல்லா ரூமுக்கும் மேற்பார்வை. வெடித்த ரூமுக்குள் ஓடிப்போய் அம்மாவை இழுத்து வெளியே போட்டவன் அவன்தான். கை வெந்தது அப்போதுதான். போர்மேன்தான் பொறுப்பு என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு போலீஸ் அவனைக் கூட்டிப் போனது.

நீதிபதி அண்ணனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். ஒரு நிமிஷம்தான். வெளியே கூட்டி வந்துவிட்டார்கள். நான் ஏட்டையாவின் பின்னால் ஓடினேன்.

"சார், என்ன சார் சொன்னாக?"

"ரிமாண்ட்மா. பதினஞ்சு நாள்."

என்கூட வந்த மாரியம்மாக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் எங்கள் ரூம்தான். எனக்கோ உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கின மாதிரி இருந்தது. நான் கணக்குப் போட்டுவிட்டேன். பதினைந்து நாள் தண்டனை, அது முடிகிற நாள் அம்மாவுக்குப் பதினாறாம் நாள். அன்றைக்கு வந்துவிடுவான், காரியம் அவன் கையால் நடக்கும்.

"எந்திரிக்கா, பதினஞ்சு நாள்தான். கண்ண மூடித் தொறந்தா போயிரும்," என்றேன்.

"ஏ கூறுகெட்டவளே, அம்புட்டு லேசா விட்ருவாகளா?" என்றாள் மாரியம்மாக்கா.

அன்று மத்தியானம் அம்மாவைக் கொடுத்தார்கள். வைத்திருக்கிற மாதிரி இல்லை என்று டாக்டர் சொன்னதால் அன்றைக்கே எடுத்துவிட்டோம். சித்தப்பா கொள்ளி வைத்தார். அண்ணன் அந்நேரம் விருதுநகர் ஜெயிலுக்குப் போகிற வண்டியில் இருந்தான்.

நான் எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். பட்டாசு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வெடிமருந்தை எப்படிக் கையாள வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு விபத்து நடந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2. அன்றைக்கு லீவு

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடந்தால் போர்மேன் அங்கே நிற்க மாட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் போய்விடுவார். அப்புறம் யார் கேட்டாலும் கம்பெனியில் உள்ள அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொல்வோம். "போர்மேன் அன்னைக்கு லீவு." இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷமே தெரிந்துவிடும்.

அண்ணன் ஓடவில்லை. ஓடியிருந்தால் அம்மாவைத் தூக்கியிருக்க முடியாது.

ஆனால் ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து என்னிடம் கேட்டபோது என் வாய் தானாகச் சொன்னது. "அண்ணன் அன்னைக்கு வேலைக்கே வரல சார். வெடிச்ச சத்தம் கேட்டுத்தான் வீட்ல இருந்து ஓடியாந்துச்சு." அவர் எழுதிக்கொண்டார். அது போதாதென்று மறுநாள் மாரியம்மாக்காவிடமும், எங்கள் ரூமில் இன்னும் இரண்டு பேரிடமும் போய், "யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க" என்றேன். அவர்களும் சரி என்றார்கள். அம்மாவைப் பறிகொடுத்தவள் வந்து கேட்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்?

அண்ணனை நான் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

3. மனு

ஜெயிலில் ஆளைப் பார்ப்பதற்கு 'மனு' என்று சொல்கிறார்கள். ஆதார் கார்டைக் காட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் நான் மனுவுக்குப் போனேன். கோர்ட்டில் எங்களுக்காக இலவசமாக வைத்துக் கொடுத்த வக்கீலும் வந்திருந்தார். ஒல்லியான பொண்ணு. கையில் ஒரு கட்டுக் காகிதம், இன்னொரு கையில் கடலை மிட்டாய்.

"வக்கீலக்கா, இன்னும் பத்து நாள்தான? அதோட முடிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"அக்கா எல்லாம் வேண்டாம். எனக்கு இருபத்தாறுதான் ஆகுது. என்ன முடிஞ்சிரும்?"

"தண்டனை."

அவர் மிட்டாயை மெல்லுவதை நிறுத்தினார். "இது தண்டனைன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"பதினஞ்சு நாள்னு சொன்னாகளே."

அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று சொன்னார். "உங்க அண்ணன் தப்பு செஞ்சாருன்னு இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டும் சொல்லல. இன்னும் கேஸே நடக்கல. விசாரணை முடியிறதுக்கு முன்னாடி ஒருத்தர வெளிய விட்டா ஓடிப்போயிருவாரு, தடயத்த அழிச்சிருவாரு, சாட்சிகளப் போயி கலைச்சிருவாருன்னு போலீஸ் சொல்லும். அதுக்காக ஜட்ஜ் கொஞ்ச நாள் காவல்ல வைப்பாரு. அதான் ரிமாண்ட். ஒரு தடவைக்குப் பதினஞ்சு நாளுக்கு மேல போட முடியாது. வேணும்னா நீட்டிக்கலாம். அதுக்கும் ஒரு அளவு இருக்கு."

"நீட்டிக்கிறதுன்னா, பதினாறாம் நாளுக்கு வரமாட்டானா?"

"ஜாமீன் கெடச்சா வருவாரு."

நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மீதி மிட்டாயை என் கையில் வைத்தார்.

"உள்ள போட்டு அடிப்பாகளா?" என்று கேட்டேன். ஐந்து நாளாக எனக்குத் தூக்கமில்லாமல் போனது இதை நினைத்துத்தான்.

"இது கோர்ட் காவல். ஜட்ஜோட பொறுப்பு. ஜட்ஜ் உத்தரவு இல்லாம போலீஸ் அவர விசாரிக்கக்கூட வெளிய கூட்டிட்டுப் போக முடியாது. கைக்குத் தினமும் மருந்து போடணும்னு அன்னைக்கே உத்தரவுல எழுதச் சொல்லிட்டேன்."

உள்ளே போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன். நான் முதலில் பார்த்தது அவன் கட்டியிருந்த கைலியை. எங்கள் வீட்டுக் கைலி. பச்சைக் கட்டம்.

"ஜெயில் உடுப்பு தரலியாண்ணே?"

"அது தண்டனைக் கைதிக்குப் பாப்பா. நாங்கல்லாம் விசாரணைக் கைதி. சொந்தத் துணிதான்." அவன் கட்டைத் தூக்கிக் காட்டினான். புதுக் கட்டு. வெள்ளையாக இருந்தது.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல்தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆனால் அவன் முகம் சரியில்லை. "நான் வேலைக்கே வரலன்னு போலீஸ்ட்ட சொன்னியாமே?"

"ஒனக்காகத்தான்."

"லூசா நீ? கோர்ட்ல ஜட்ஜ் கேட்டதுக்கு நான் அங்கனதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். மிச்ச மருந்த வைக்கச் சொன்னதும் நாந்தேன்னு சொல்லிட்டேன்."

அது பொய். எனக்குத் தெரியும். வெடிக்கு முந்தின நாள் சாயந்தரம் வேலை முடிகிறபோது கலந்த மருந்தில் கால் சல்லடை மிஞ்சியது. கலந்த மருந்தை ராத்திரி வைக்கக்கூடாது. ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். தண்ணீரில் கொட்ட வேண்டும். அண்ணன் வாசலில் நின்று, "கொட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான். அம்மாதான், "சீசன்ல ஆர்டர் நிக்குது, இதப் போயி கொட்டவா? வெள்ளன வந்து முடிச்சிருவோம்டி" என்று காகிதத்தைப் போட்டு மூடி மூலையில் வைத்தாள். இருபது வருஷ அனுபவம் அவளுக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தியது நான்தான்.

"நீ கொட்டத்தான சொன்ன? அம்மாதான..." என்றேன்.

"வாய மூடு." கம்பி வலை அதிர்ந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அம்மா பேர அதுல இழுக்காத பாப்பா. செத்துப்போனவள எதுக்கு எழுதணும்? எம்பேரே இருந்துட்டுப் போகட்டும்."

4. தள்ளுபடி

முதல் ஜாமீன் மனு சிவகாசியில் விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் எழுந்து நின்று ஒரு காகிதத்தைப் படித்தார். இங்கிலீஷ் பாதி, தமிழ் பாதி. அதில் 'தங்கை' என்ற வார்த்தை வந்தபோது எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க முடியாது.

தள்ளுபடி.

வெளியே வந்ததும் காகிதக் கட்டை என் கையில் திணித்தார். "பிடிங்க இத. நான் இப்ப கத்தப்போறேன்." உண்மையாகவே கத்தினார். "அவரு ஓடிப்போற ஆள் இல்ல, கையால ஒண்ணையும் பிடிக்கக்கூட முடியாதுன்னு நான் ஒவ்வொண்ணா சொல்லிட்டிருக்கேன். அவங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க. 'குற்றம் சாட்டப்பட்டவரோட தங்கை இப்பவே மூணு சாட்சிகளப் பாத்து மாத்திச் சொல்லச் சொல்லியிருக்கா. இவரு வெளிய வந்தா மிச்ச சாட்சியும் கலைஞ்சிரும்.' போனீங்களா இல்லையா?"

"போனேன். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

"அதத்தான் ரிமாண்டே தடுக்குது! ஒருத்தர எதுக்காக உள்ள வைக்கணும்னு சட்டத்துல எழுதியிருக்கோ அத நீங்க வெளிய இருந்து செஞ்சு குடுத்திருக்கீங்க. இப்ப அவர உள்ள வச்சிருக்கறது போலீஸ் இல்ல."

நான்தான் என்று அவர் சொல்லவில்லை. நான் கோர்ட் வாசல் ஜூஸ் கடைப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை. கதவைச் சாத்தியதும் நான், பூட்டிப் போட்டதும் நான் என்று அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் வக்கீல் கேட்டார். "என்ன நடந்துச்சு? எனக்காவது முழுசா சொல்லுங்க."

சொன்னேன். கால் சல்லடை மருந்து, காகிதம், கதவு, எல்லாம். அண்ணன் பழியை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறான் என்பதையும் சொன்னேன். "நான் உண்மையச் சொன்னா அம்மாவக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். சொல்லாட்டி அண்ணன் வரமாட்டான். நான் யாருக்கு என்னத்தச் செய்ய?"

அவர் சொன்னது இது. அன்றிலிருந்து இதை நான் அடிக்கடி எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். "தப்பு யார் மேலன்னு நீங்க இன்னைக்கு முடிவு பண்ண வேண்டாம். ஜாமீன் கேக்குறப்ப கோர்ட்டும் அத முடிவு பண்ணாது. அதுக்குன்னு கேஸ் இருக்கு. வருஷக்கணக்கா நடக்கும். சீசன்ல எத்தன பேர அந்த ரூம்ல ஒக்கார வச்சாங்க, ஓனர் எங்க போனாருன்னு எல்லாத்தையும் அங்க கேப்பாங்க. நீங்க கண்ணால பாத்தத மட்டும் பாத்தபடி சொல்லுங்க. போதும்."

இன்றைக்கு முடிவு பண்ண வேண்டாம். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

5. நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போனோம்

மறுநாள் மாரியம்மாக்காவையும் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வேனில் போனேன். வழியெல்லாம் மாரியம்மாக்கா திட்டிக்கொண்டே வந்தாள். "பொய் சொல்லுன்னா சொல்லணும், உண்மையச் சொல்லுன்னா சொல்லணும். நாங்க என்ன ஒங்கவீட்டு டேப் ரெக்கார்டரா?"

"நீதான்க்கா நல்லாச் சொல்லுவ."

"ஐஸ் வைக்காதடி. எனக்கு ஸ்டேஷன்னாலே ஆகாது."

இன்ஸ்பெக்டர் எங்களை நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார். "இப்ப என்ன? போர்மேன் லீவுன்னு இன்னொரு தடவ சொல்ல வந்தீகளா?"

"இல்ல சார். அண்ணன் வேலைக்கு வந்துச்சு. நான் பொய் சொன்னேன். இவுகளையும் நாந்தேன் சொல்லச் சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏட்டையாவைப் பார்த்து, "கேட்டீரா? இந்த வட்டாரத்துல மொத மொறையா ஒரு போர்மேன் வேலைக்கு வந்திருக்கான்யா," என்றார். ஏட்டையா சிரித்தார். மாரியம்மாக்காவும் பயத்தில் சிரித்துவிட்டாள். அவளை நான் கிள்ளினேன்.

அப்புறம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து எழுதினார்கள். என் முறை வந்தபோது அம்மா பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. "செல்லத்தாய்" என்றேன். எழுதினவர் தலை நிமிராமல், "அது ஆரு?" என்றார். "எங்கம்மா" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். கதவைச் சாத்தியது வரை சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருந்தது.

பொய் சொன்னதற்கு என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நினைத்து மாற்றுச் சேலை ஒன்று பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து, "இது என்ன?" என்றார். சொன்னேன். "போம்மா, போயி சாப்புடு" என்றார்.

இரண்டாவது ஜாமீன் மனு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கோர்ட்டில். அரசு வக்கீல் இந்தத் தடவையும் எழுந்தார். சாட்சிகள் வாக்குமூலம் எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டதா என்று ஜட்ஜ் கேட்டார். முடித்தாகிவிட்டது என்று அவர்தான் சொன்னார். ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும், தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சி யாரிடமும் கேஸைப் பற்றிப் பேசக்கூடாது. அன்று பதினான்காம் நாள்.

"நானும் சாட்சிதான? நான் அண்ணன்ட்டப் பேசக்கூடாதா?" என்று பதறிவிட்டேன்.

"சோறு போடலாம். கேஸப் பத்திப் பேசக்கூடாது," என்றார் வக்கீல். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

6. பத்து மணி

சித்தப்பாவும் மாரியம்மாக்கா வீட்டுக்காரரும் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு வந்து ஜாமீன் நின்றார்கள். பதினைந்தாம் நாள் சாயந்தரம் வெயில் இறங்குவதற்குள் அண்ணன் வெளியே வந்தான். ஜெயில் வாசலில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

பஸ் ஏறினோம். பஸ் ஆமத்தூர் தாண்டிய பிறகுதான் சொன்னான். "நானும் எத்தன நாளைக்குத்தான் பொய்ய ஞாபகம் வச்சிருப்பேன்." ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியவன் கொஞ்சத்தில் என் பக்கம் சரிந்தான். என் தோளில் எச்சில் வடிந்தது. நான் அசையவே இல்லை.

மறுநாள் கண்மாய்க்கரையில் காரியம். மொட்டை போட்டு முழுகி வந்தான். விரல் நுனி மட்டும் கட்டுக்கு வெளியே இருந்தது. செம்பைப் பிடிக்க வரவில்லை. நான் கீழே கை கொடுத்துத் தாங்கினேன். சித்தப்பா, "பொம்பளப்புள்ள..." என்று ஆரம்பித்தார். அண்ணன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் கையாலும் தண்ணீர் விட்டோம்.

முடிந்தபோது ஒன்பதரை. ஈர வேட்டியோடு அவனை மாரியம்மாக்கா வீட்டுக்காரரின் வண்டியில் ஏற்றி, பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும்போது இதையெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனியில் யாரையாவது ரிமாண்ட் செய்தால் அதைத் தண்டனை என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். குற்றம் முடிவாகிவிட்டது என்று நினைத்துத் தலை குனியவும் வேண்டாம். வக்கீல் வைக்க வழியில்லை என்றால் கோர்ட்டே வைத்துக் கொடுக்கும், கேளுங்கள். காயம் இருந்தால் நீதிபதியிடம் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, காப்பாற்றுகிறேன் என்று 'லீவு' சொல்லாதீர்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். அம்மா விஷயத்தில் யார் தப்பு என்று எனக்கு இன்னும் தெரியாது. கேஸ் நடக்கிறது. நான் இப்போது சோறு தின்கிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன்.

உள்ளே ஏட்டையா நோட்டை நகர்த்தி வைத்தார். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நேத்து வெளிய வந்த, அதுக்குள்ள பழனிக்குப் போயிட்டு வந்துட்டியா?" என்றார்.

"அம்மாவுக்கு இன்னைக்குப் பதினாறு சார்."

அவர் எழுந்து, தன் நாற்காலியை அண்ணன் பக்கம் போட்டார். விரல் நுனியில் பேனாவைப் பிடித்து அவன் பெயரை எழுதி முடிக்க ரொம்ப நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஏட்டையா நோட்டை மூடிக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கும் பத்து மணிக்கு வரணும்யா. தெனமும் வரணும்."

"வாரேன் சார்," என்றான் அண்ணன். "வீட்ல இருந்துதான வரப்போறேன்."